அத்தியாயம் 7: அமெரிக்க வரி எண் – யாருக்குத் தேவை, எப்படி வாங்குவது?

மின்னூல் விற்ற முதல் மாதக் கணக்கு வருகிறது. ராயல்டி 100 டாலர். அடுத்த வரியில், வரிப்பிடித்தம் 30 டாலர். கைக்கு வருவது 70 டாலர்தான். ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய புத்தகத்தின் வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, நாம் மிதித்தே இராத ஒரு நாட்டுக்குப் போய்விட்டது.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. "அமெரிக்க வரி எண் வாங்கினால் சரியாகிவிடும்" என்றார்கள் நண்பர்கள். வாங்கித் தருவதற்கு ஒரு முகவர் பதினைந்தாயிரம் ரூபாய் கேட்டார். பணத்தைக் கட்டுவதற்கு முன்பு படிவங்களை நானே உட்கார்ந்து படித்தேன். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அந்த எண்ணுக்கு அமெரிக்க அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. அதைவிட முக்கியம், எனக்கு அந்த எண் தேவையே இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்த பான் அட்டையே போதுமானதாக இருந்தது.

ஆகவே எண் வாங்கும் வழியைச் சொல்வதற்கு முன்பு, உங்களுக்கு எந்த எண் தேவை என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். கீழே உள்ள வரிசைப்படியே போங்கள். பலருக்கு மூன்றாம் படியிலேயே வேலை முடிந்துவிடும்.

## படி 1: வருவது கட்டணமா, ராயல்டியா?

அமெரிக்கப் பத்திரிகைக்கோ நிறுவனத்துக்கோ எழுதும்போது பணம் இரண்டு விதமாக வரும்.

கட்டணம். கட்டுரைக்கு இவ்வளவு, சொல்லுக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக் கொடுப்பது. இது உழைப்புக்கான கூலி. உழைப்பு எந்த மண்ணில் நடந்ததோ அந்த மண்ணின் வருமானமாகத்தான் அமெரிக்கச் சட்டம் இதைப் பார்க்கிறது. மதுரையில் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கான கூலி, அனுப்புகிறவர் நியூயார்க்கில் இருந்தாலும், அமெரிக்க வருமானம் ஆகாது. அதில் 30 சதவீதம் பிடிக்க வேண்டியதில்லை.

ராயல்டி. பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுத்து, விற்பனையில் பங்கு வாங்குவது. இங்கே எழுதிய இடம் கணக்கில்லை. உரிமை பயன்படும் இடம்தான் கணக்கு. அமெரிக்காவில் விற்ற பிரதிகளுக்கான ராயல்டி அமெரிக்க வருமானம். இதில்தான் 30 சதவீதம் விழுகிறது. அதே நூல் இந்தியத் தளத்தில் விற்றதற்கான ராயல்டியில் இந்தப் பிடித்தம் கிடையாது.

> குறிப்பு: கட்டணத்துக்கு விலைப்பட்டியல் அனுப்பும்போது, வேலை முழுவதும் இந்தியாவில் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேருங்கள். பணம் அனுப்பும் கணக்குப் பிரிவுக்கு அந்த ஒரு வரி பல கேள்விகளுக்கு விடை சொல்லும்.

## படி 2: உங்கள் நாட்டுக்கு ஒப்பந்தம் உண்டா?

ராயல்டியில் பிடிக்கும் 30 சதவீதத்தைக் குறைப்பது எண் அல்ல; இரு நாடுகளுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம்தான் குறைக்கிறது. அந்தச் சலுகையைக் கேட்க உதவும் அடையாளம் மட்டுமே எண். எழுத்துக்கான ராயல்டியில் நிலவரம் இது:

- இந்தியா: 15 சதவீதம். ஒப்பந்தம் கையெழுத்தானது 1989இல். ராயல்டி பற்றிப் பேசுவது அதன் 12ஆம் பிரிவு.
- இலங்கை: 10 சதவீதம்.
- பிரிட்டன், கனடா, ஜெர்மனி, பிரான்ஸ்: பிடித்தமே இல்லை.
- ஆஸ்திரேலியா: 5 சதவீதம்.
- சிங்கப்பூர், மலேசியா: ஒப்பந்தம் இல்லை. முழு 30 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது, குடியுரிமை அல்ல. வரி விஷயத்தில் எந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுகிறீர்கள் என்பதுதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் கோலாலம்பூரில் குடியிருந்து அங்கேயே வரி கட்டுகிறவர் 15 சதவீதம் கேட்க முடியாது.

சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்கள் இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். எந்த எண் வாங்கினாலும் உங்கள் 30 சதவீதம் குறையாது. "எண் வாங்கித் தருகிறேன், பிடித்தம் குறையும்" என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

## படி 3: கையில் இருக்கும் எண்ணை முதலில் பயன்படுத்துங்கள்

ஒரு காலத்தில் ஒப்பந்தச் சலுகை கேட்க அமெரிக்க எண் இருந்தாக வேண்டும். அதனால்தான் உலகம் முழுவதும் எழுத்தாளர்கள் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சலுகை கேட்கும் படிவமான டபிள்யூ-8 பென் 2014இல் திருத்தப்பட்டது. சொந்த நாட்டு வரி எண்ணைக் கொடுத்தே சலுகை கேட்க வழி வந்தது. இந்தியருக்கு அது பான். இலங்கையருக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி செலுத்துநர் எண். பழைய ஆலோசனை மட்டும் இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கிண்டில் போன்ற தளங்களில் 'வரி நேர்காணல்' என்ற பெயரில் திரையில் வரும் கேள்விகள், இந்தப் படிவத்தின் கேள்விகளேதான். வரிசை இது:

1. பெயர்: பான் அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்.
2. குடியுரிமை நாடு.
3. நிரந்தர முகவரி: குடியிருக்கும் வீட்டு முகவரி. தபால் பெட்டி எண் கூடாது.
4. 5ஆம் வரி, அமெரிக்க எண்: இல்லாவிட்டால் காலியாக விடுங்கள்.
5. 6ஆம் வரி, சொந்த நாட்டு எண்: இங்கே பான்.
6. 8ஆம் வரி, பிறந்த தேதி: மாதம் முதலில், நாள் அடுத்து, ஆண்டு கடைசியில். ஜூன் 4ஆம் தேதி பிறந்தவர் 06-04 என்று எழுத வேண்டும். நம் பழக்கத்தில் 04-06 என்று எழுதினால் பிறந்த நாள் ஏப்ரலுக்குப் போய்விடும்.
7. 9ஆம் வரி: வரி விஷயத்தில் வசிக்கும் நாடு, இந்தியா.
8. 10ஆம் வரி: ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, 15 சதவீதம், ராயல்டி. திரையில் நிரப்பும்போது பெரும்பாலும் தளமே இதை எடுத்துக் கொடுக்கும். சரிபார்த்தால் போதும்.
9. கையெழுத்தும் தேதியும்: தேதியில் இங்கேயும் மாதம்தான் முதலில்.

நிரப்பிய படிவத்தை ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள். உங்களுக்குப் பணம் தருகிறவரிடம் கொடுக்க வேண்டிய காகிதம் அது.

> தவிர்க்க: டபிள்யூ-9 என்ற இன்னொரு படிவத்தைச் சிலர் தவறி அனுப்புவார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வரி விஷயத்தில் குடியிருப்பவர்களுக்கும் உரியது. பசுமை அட்டை வைத்திருப்பவர் இதைத்தான் தர வேண்டும். நீங்கள் அந்த வகை இல்லையென்றால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

படிவம் ஏற்கப்பட்டு அடுத்த கணக்கில் பிடித்தம் 15ஆகக் குறைந்துவிட்டதா? உங்கள் வேலை முடிந்தது. நேராகப் படி 7க்குப் போங்கள்.

## படி 4: ஈஐஎன் யாருக்கு வேண்டும்?

ஈஐஎன் என்பது தொழிலுக்கு ஐஆர்எஸ் தரும் ஒன்பது இலக்க எண். முதலில் இரண்டு இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு ஏழு இலக்கம். கீழே உள்ளவர்களுக்கு அது தேவைப்படும்:

- அமெரிக்காவில் எல்எல்சி என்ற வகை நிறுவனம் பதிவு செய்தவர்கள்.
- அங்கே தொழிலுக்கென வங்கிக் கணக்கு திறப்பவர்கள்.
- பணம் தருகிற நிறுவனம் தொழில் எண்ணைத்தான் கேட்கிறது என்றால். அப்போதும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல சமயம் டபிள்யூ-8 பென்னையும் பானையும் காட்டியதும் கேள்வி முடிந்துவிடும்.

ஐடின் என்பது வேறு. அது தனிநபருக்கானது, 9இல் தொடங்கும். அமெரிக்காவில் வரிக்கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு அது தேவைப்படும். டபிள்யூ-7 என்ற படிவத்துடன் அசல் பாஸ்போர்ட்டையோ, அதை வழங்கிய அலுவலகம் சான்றளித்த நகலையோ அனுப்ப வேண்டும். அசலைத் தபாலில் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட, ஐஆர்எஸ் அங்கீகரித்த சான்றளிப்பு முகவரை நேரில் பார்ப்பது நல்லது.

> எச்சரிக்கை: "எல்எல்சி ஆரம்பியுங்கள், ஈஐஎன் இலவசம்" என்ற விளம்பரத்தை நம்பி இறங்காதீர்கள். வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளராக இருக்கும் எல்எல்சிக்கு வருமானம் இல்லாவிட்டாலும், உரிமையாளருக்கும் அதற்கும் இடையே பணம் போய்வந்திருந்தால் 5472 என்ற படிவத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். மாதம் 100 டாலர் ராயல்டிக்காக அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

## படி 5: எஸ்எஸ்-4 படிவத்தை முதலில் காகிதத்தில் நிரப்புங்கள்

இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதி அமெரிக்க முகவரியும் அமெரிக்கத் தனிநபர் எண்ணும் உள்ளவர்களுக்குத்தான். நமக்குப் போன், ஃபேக்ஸ், தபால் என்ற மூன்று வழிகள் உண்டு. எந்த வழியானாலும் ஈஐஎன் விண்ணப்பமான எஸ்எஸ்-4 படிவத்தை அச்செடுத்து, பெரிய எழுத்தில் நிரப்பிக்கொண்டு ஆரம்பியுங்கள். முக்கியமான வரிகள்:

1. வரி 1: சட்டப்படியான பெயர்.
2. வரி 4, 5: முகவரி. கதவு எண்ணிலிருந்து அஞ்சல் குறியீடு வரை. உறுதிக் கடிதம் இந்த முகவரிக்குத்தான் வரும்.
3. வரி 7ஏ: பொறுப்பாளர் பெயர். அது நீங்கள்தான். முகவர் அல்ல.
4. வரி 7பி: பொறுப்பாளரின் அமெரிக்க எண். இல்லாதவர் 'ஃபாரின்' என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் விண்ணப்பம் நின்றுவிடும்.
5. வரி 9ஏ: எந்த வகைத் தொழில். தனியாக எழுதுகிறவர் தனிநபர் உரிமையாளர் என்ற கட்டத்தைக் குறிக்கலாம்.
6. வரி 10: எதற்காக விண்ணப்பம். ராயல்டிப் பிடித்தத்துக்காக என்றால், ஐஆர்எஸ்ஸின் வரிப்பிடித்த விதிகளுக்கு இணங்க என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதைக் குறியுங்கள். எல்எல்சிக்கு, புதிய தொழில் தொடக்கம்.
7. வரி 13: வேலைக்கு வைக்கப்போகும் ஆட்கள். பூஜ்யம்.
8. வரி 16, 17: என்ன தொழில். எழுத்து, நூல், கட்டுரை என்று சுருக்கமாக.
9. வரி 18: இதற்கு முன்பு ஈஐஎன் வாங்கியது உண்டா. உண்மையைச் சொல்லுங்கள்.

### இனிஷியல் சிக்கல்

தமிழர்களுக்கு இந்தப் படிவத்தில் மிகப் பெரிய இடறல் பெயர்தான். மு. கவிதா என்று எழுதுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பான் அட்டையில் அவர் கவிதா முத்துசாமி. வங்கிப் புத்தகத்தில் எம். கவிதா. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் முத்துசாமி, சொந்தப் பெயர் என்ற இடத்தில் கவிதா. நமக்கு எல்லாம் ஒரே ஆள். அங்கே உள்ள கணினிக்கு வெவ்வேறு ஆட்கள்.

வழி இதுதான்: பாஸ்போர்ட்டையும் பானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பெயரையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பிப்பதற்கு முன்பே இரண்டில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். இனிஷியலை மட்டும் எழுதாமல் விரித்து எழுதுங்கள். புனைபெயர் வரி 1இல் வரவே கூடாது. வேண்டுமானால் தொழிற்பெயருக்கான வரி 2இல் எழுதலாம்.

## படி 6: போனில் எண் வாங்குவது

வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கான எண்: +1 267 941 1099. கட்டணமில்லா எண் அல்ல. ஐஎஸ்டி காசு ஓடும். திங்கள் முதல் வெள்ளி வரை, அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 6 முதல் இரவு 11 வரை திறந்திருக்கும். கூப்பிடும் நாளில் ஐஆர்எஸ் தளத்தில் எண்ணையும் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நேரப்படி, மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை மாலை 3.30க்குத் திறந்து மறுநாள் காலை 8.30க்கு மூடுவார்கள். மற்ற மாதங்களில் மாலை 4.30 முதல் காலை 9.30 வரை. அங்கே வெள்ளி இரவு என்பது இங்கே சனி காலை. திங்கள் காலையில் கூப்பிட்டால் அங்கே ஞாயிறு இரவு. யாரும் எடுக்க மாட்டார்கள்.

கூப்பிடும் முறை:

1. நிரப்பிய எஸ்எஸ்-4, பாஸ்போர்ட், வெள்ளைத்தாள், இரண்டு பேனா ஆகியவற்றை எதிரே வையுங்கள். போனில் போதுமான சார்ஜும் பேச்சுப் பணமும் இருக்கட்டும்.
2. இசை ஓடும். வைக்காமல் காத்திருங்கள்.
3. எடுக்கும் அலுவலர் தம் பெயரையும் அடையாள எண்ணையும் சொல்வார். நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தால் அடுத்தவரிடம் விளக்க உதவும்.
4. அமெரிக்காவுக்கு வெளியே வசிக்கும் எழுத்தாளர், ஈஐஎன் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். கதை வேண்டாம்.
5. அவர் படிவத்தின் வரிசையிலேயே கேட்பார். தாளைப் பார்த்தபடி பதில் சொல்லுங்கள்.
6. பெயரையும் ஊரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். திருநெல்வேலி என்று முழுதாகச் சொன்னால் அவருக்குப் புரியாது. "டி, டைகர், ஹெச், ஹோட்டல், ஐ, இந்தியா" என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் தயாராக எழுதி வையுங்கள். தொலைபேசியில் 'எம்'மும் 'என்'னும் ஒன்றுபோலக் கேட்கும். 'பி'யும் 'டி'யும் அப்படியே. பெயர் கெடுவது இந்த இடத்தில்தான்.
7. முடிவில் எண்ணைச் சொல்வார். எழுதி, அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். அவர் பதிந்த பெயரையும் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.
8. கையெழுத்திட்ட படிவத்தை ஃபேக்ஸில் அனுப்பச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள்.

ஆங்கிலத்தில் போனில் பேசத் தயக்கமா? ஃபேக்ஸ் உங்களுக்கு ஏற்றது. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அனுப்ப வேண்டிய எண் 304 707 9471. பதில் வர உங்கள் ஃபேக்ஸ் எண்ணைப் படிவத்தில் எழுத மறக்காதீர்கள். ஃபேக்ஸுக்கு ஏறத்தாழ நான்கு வேலை நாள், தபாலுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் என்று ஐஆர்எஸ் கணக்குச் சொல்கிறது. பல சமயம் அதைவிடக் கூடுதலாகும்.

> தவிர்க்க: ஃபேக்ஸுக்குப் பதில் தாமதமாகிறதே என்று பொறுமையிழந்து போனிலும் விண்ணப்பிக்காதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் பதிவாகிவிடும். ஒரு வழியைத் தேர்ந்தால் அதிலேயே நில்லுங்கள்.

## படி 7: கிடைத்த பிறகு

- சிபி 575: எண்ணை உறுதிசெய்து வரும் கடிதம். வங்கி கேட்பது இதைத்தான். வந்த அன்றே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். தொலைந்தால் இதே கடிதம் மறுபடி வராது. 147சி என்ற மாற்றுக் கடிதத்தைப் போனில் கேட்டு வாங்கலாம்.
- முகவரி மாற்றம்: 8822-பி படிவத்தில் தெரிவியுங்கள்.
- டபிள்யூ-8 பென் காலாவதி: கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாம் ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும். 2026இல் கையெழுத்திட்டது 2029 டிசம்பர் 31இல் முடியும். புதுப்பிக்க மறந்தால் மறுபடி 30 சதவீதம். கைபேசியில் இப்போதே நினைவூட்டல் வையுங்கள்.
- 1042-எஸ்: எவ்வளவு பிடித்தார்கள் என்று காட்டும் ஆண்டுச் சான்று. மார்ச் நடுவில் வரும். அதைத் தூக்கிப்போடாதீர்கள்.

பிடித்த அந்த 15 சதவீதமும் போனது போனதுதான் என்று விட்டுவிட வேண்டாம். இந்தியாவில் வருமான வரி கட்டுகிறவர், அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். முழு 100 டாலரையும் வருமானமாகக் காட்டி, 1042-எஸ்ஸை ஆதாரமாக வைத்து, வெளிநாட்டு வரிக் கழிவுக்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதன் எண் 67. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், எந்த ஆண்டின் கணக்கு என்பதைப் பார்த்து அதற்குரிய படிவத்தை எடுங்கள். கைக்கு வந்த 85 டாலரை மட்டும் காட்டுவது தவறு.

## பாதுகாப்பு: இவற்றை எழுதி ஒட்டி வையுங்கள்

1. ஈஐஎன்னுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம், எவ்வளவு அரசுத்தனமாகத் தோன்றினாலும், அரசுத் தளம் அல்ல.
2. முகவரை அமர்த்தினாலும் வரி 7ஏயில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும். அவர் பெயர் வந்தால் ஐஆர்எஸ் கணக்கில் அந்த எண்ணுக்குப் பொறுப்பாளர் அவர். மூன்றாம் நபருக்கென்று படிவத்தின் அடியில் தனியிடம் இருக்கிறது. அங்கே எழுதச் சொல்லுங்கள்.
3. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பியதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். படிவத்தில் சொன்னது உண்மை என்று உறுதியளிப்பது நீங்கள்.
4. பாஸ்போர்ட், பான் நகல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எதற்காக, எந்தத் தேதியில் என்று நகலின் மேல் குறுக்காக எழுதிக் கொடுங்கள்.
5. வரி பாக்கி என்று மிரட்டி உடனே பணம் கட்டச் சொல்லும் அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வேலைகளுக்கென்று ஒரு கோப்பு போடுங்கள். பான் நகல், டபிள்யூ-8 பென் நகல், ஆண்டுக்கு ஒரு 1042-எஸ், வாங்கியிருந்தால் சிபி 575. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மெல்லிய கோப்புதான். முகவரிடம் போகாமல் மிஞ்சிய பதினைந்தாயிரமும், 30இலிருந்து 15ஆகக் குறைந்த பிடித்தமும் அதற்குள்தான் இருக்கின்றன.